துடைக்கப்பட்ட பதின்மூன்று எண்கள்

சங்கத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக நாலு பக்கம் எழுதித் தரச் சொன்னார் செயலாளர். "ஊக்கமா ஏதாவது இருக்கட்டும்" என்றார். ஊக்கம் வேண்டுமென்றால் டீ குடியுங்கள். என்னிடம் இருப்பது கோபம். அதிலும் பாதிக்கு மேல் என் மேலேயே.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் இருபத்தைந்து வருடம் செக்கிங் செக்‌ஷனில் இருந்தேன். போன வருடம் விருப்ப ஓய்வு கொடுத்து அனுப்பிவிட்டார்கள். விருப்பம் அவர்களுடையது, ஓய்வு என்னுடையது. ஷிப்ட் போக மிச்ச நேரத்தில் உங்களைப் போலவே நானும் சேவை செய்யக் கிளம்பினவன்தான். நம் முகாம்களில் கூட்டத்தைவிட பேனர் நீளமாக இருப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்த பேனருக்கு ஒரு முனையில் கயிறு கட்டினவன் நான். ஆகவே எனக்குத் திட்டுவதற்கு உரிமை உண்டு.

எண்பதுகளின் கடைசி. ஐப்பசி மழை விட்டு நாலைந்து நாள் ஆகியிருந்தது. சென்னீர்குப்பத்தைத் தாண்டி, நெடுஞ்சாலைக்குப் பின்னால் ஒரு குடியிருப்பில் வாந்தி பேதி. நூற்றைம்பது வீடு இருக்கும். சர்ச் ஒன்று, மசூதி ஒன்று, அம்மன் கோயில் ஒன்று. தெருவில் தமிழ், உருது, தெலுங்கு மூன்றும் ஒரே சண்டையில் கேட்கும். மூன்று சாமிக்கும் ஒரே குழாய்த் தண்ணீர்தான். அந்தக் குழாய் சாக்கடைக்குள்ளேயே படுத்துக்கொண்டு போனது. எது எதற்குள் கசிகிறது என்று கண்டுபிடிக்க டாக்டர் தேவையில்லை, மூக்கு போதும். அதை யார் மாற்ற வேண்டும் என்று கேட்டால் மூன்று அலுவலகங்கள் ஒன்றையொன்று கை காட்டின. கத்திக் கத்திக் கடைசியில் தினம் ஒரு தண்ணீர் லாரி அனுப்ப ஒரு அலுவலகம் ஒப்புக்கொண்டது. ஒரு நிபந்தனை: நோய் இருக்கிற வரைக்கும்தான் லாரி.

எங்களுக்கு அங்கே எல்லாமாக இருந்தவர் ஒரு நர்ஸ். பெயர் எழுதவில்லை; எழுதினால் இன்றைக்கும் தேடி வந்து திட்டுவார். என்னைவிட நாலு வயது சின்னவர். நாங்கள் சிஸ்டர் என்போம். அவருக்கு இதுபோல நாலு குடியிருப்பு. ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் வர முடியும். சர்ச் ஹாலில் பாய் விரித்துக் கொடுத்திருந்தார்கள், மசூதிக்காரர்கள் அண்டாவில் தண்ணீர் காய்ச்சினார்கள்.

சனிக்கிழமை காலை சிஸ்டர் என்னிடம் சொன்னார்: "யார் வீட்ல ஆள் படுத்திருக்காங்கன்னு எனக்குத் தெரியணும் சார். ஒவ்வொரு கதவா தட்டிக்கிட்டு நிக்க எனக்கு நேரமில்ல. நீங்க பாத்து வையுங்க."

இந்த இடத்தில்தான் என் மூளை வேலை செய்தது. அது வேலை செய்யாமலே இருந்திருக்கலாம்.

செக்கிங் செக்‌ஷனில் எங்கள் பழக்கம் இது. கோளாறு உள்ள உருப்படி கைக்கு வந்தால் அதன்மேல் சிவப்புப் பெயிண்டில் ஒரு எண் போட்டு ஓரமாக வைப்போம். அது திருத்தத்துக்குப் போகும். திருத்தினவன் வேலை முடிந்ததும் அந்தச் சிவப்பைத் தின்னரால் துடைத்துவிட்டு அனுப்புவான். சிவப்பு இருந்தால் கோளாறு, துடைத்திருந்தால் சரியாகிவிட்டது. பதினைந்து வருடம் இதைப் பார்த்த கண் எனக்கு.

கம்பெனியிலிருந்து ஒரு சின்ன டப்பா சிவப்புப் பெயிண்டும் பிரஷும் கொண்டுவந்தேன். என் கூடவே வேலை செய்த ஏகாம்பரம் டப்பாவைப் பிடித்துக்கொண்டான். பேதி இருக்கிற வீட்டுக் கதவில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டுக்கொண்டே போனோம். வீட்டில் இருந்தவர்களிடம் எதற்கு இந்த எண் என்று சொன்னோமா? இல்லை. உருப்படியிடம் யாராவது விளக்கம் சொல்வார்களா?

"மாமே, சும்மா அச்சு மாதிரி வுழுந்துகீது பாரு" என்றான் ஏகாம்பரம். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. பதினொன்று என்ற எண்ணை இரண்டு கோடும் ஒரே உயரமாக வரவேண்டும் என்று அழித்துவிட்டு மறுபடி போட்டேன். அந்த வீடு சகாயமேரியுடையது. புருஷன் லாரியில் மூட்டை ஏற்றப் போய் வாரக்கணக்கில் வெளியூரில் இருப்பவர். மூன்று வயதுப் பெண் குழந்தை ஸ்டெல்லாவுக்குத்தான் பேதி. சகாயமேரி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் அந்த இரண்டு கோட்டையும் சரிசெய்வதையே பார்த்துக்கொண்டிருந்தாள். படம் நன்றாக வருகிறது என்று ரசிக்கிறாளாக்கும் என்று நினைத்தேன்.

மொத்தம் பத்தொன்பது கதவு.

ஞாயிறு சாயங்காலம் ஒரு சுற்று போனேன். ஆறு கதவில்தான் எண் இருந்தது. பதின்மூன்று துடைக்கப்பட்டு, கதவு சாத்திக் கிடந்தது. சகாயமேரி வீட்டில் எண்ணும் இல்லை, ஆளும் இல்லை. வெளியே பூட்டு தொங்கியது. சரி, குழந்தை தேறிவிட்டது, ஊருக்குப் போய்விட்டார்கள். தெரு முழுக்க மண்ணெண்ணெய் வாடை அடித்தது. அதையும் மோந்தேன். மோந்துவிட்டு நான் நினைத்ததை எழுதக் கை கூசுகிறது: "பரவாயில்லையே, நம்ம ஜனங்கள் சுத்தமாகத் துடைக்கிறார்களே."

திங்கட்கிழமை காலை வேலைக்குப் போகிற வழியில் அந்த அலுவலகத்தின் ஆய்வாளரைப் பார்த்து, "பத்தொன்பது ஆறாகிவிட்டது சார்" என்று சொல்லிவிட்டுப் போனேன். கேட்டிருந்தால் கைகொட்டிக் காட்டியிருப்பேன். அவர் உடனே எழுதிக்கொண்டார். நான் பத்து நாள் கத்தியும் நகராத பேனா, ஒரு நல்ல செய்திக்கு என்ன வேகத்தில் ஓடியது தெரியுமா? "நோய் கட்டுக்குள் வந்தது" என்று ஒரு வரி. அன்றைக்கே லாரி நின்றது.

கம்பெனியில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு மதியம் ஏகாம்பரத்தோடு சர்ச் ஹாலுக்குப் போனேன். பாராட்டு வாங்கத்தான். சிஸ்டர் பெட்டியைத் திறந்து உப்பு சர்க்கரைப் பொட்டலங்களை எண்ணிக்கொண்டிருந்தார். எதிரே நூர்ஜகான் நின்றாள். சகாயமேரியின் பக்கத்து வீட்டுக்காரி. பூ கட்டி விற்பவள். வாய் நெடுஞ்சாலை வரைக்கும் கேட்கும்.

"எட்டு பாக்கெட் குடு சிஸ்டரு."

"உங்க வீட்ல யாருக்கு?"

"பூனைக்கி."

"பூனை எட்டு பாக்கெட் குடிக்குமா?"

"பெரிய பூனை."

சிஸ்டர் சிரிக்கவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தார். "எத்தனை வீடு சார் இப்போ?"

"ஆறு சிஸ்டர். பதின்மூணு சரியாயிடுச்சு."

"எப்படித் தெரியும்?"

"துடைச்சிருக்காங்களே."

"பத்தொன்பது வீட்டுப் பேதி ஒரே நாள்ல ஆறா ஆகாது சார். நோய் போகல. ஆளுங்கதான் எங்கேயோ போயிருக்காங்க. எங்கே?"

கேள்வி என்னிடம். பதில் நூர்ஜகானிடம். அவள் என்னை உச்சியிலிருந்து செருப்பு வரைக்கும் பார்த்தாள்.

"இந்த ஆளு கதவுக்குக் கதவு நம்பர் போட்டுக்கினு போனான் பாரு சிஸ்டரு, அதே செவப்பு. ரோடு பெருசு பண்றேன்னு எங்களை முன்ன இருந்த எடத்துலேர்ந்து தொரத்துனாங்களே, அப்பவும் இப்டித்தான். மொதல்ல ஒர்த்தன் டப்பா எட்த்துக்கினு வந்தான். ஏன்னு கேட்டா சும்மா கணக்குக்குன்னான். மூணாவது வாரம் மிசினு வந்துச்சி. அடுப்புல சோறு வெந்துகினு இருக்க சொல்லோ இட்ச்சானுங்க."

ஏகாம்பரம் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் விடவில்லை. "இந்த வாட்டி சீக்குகாரங்களை ஆஸ்பத்திரிக்கின்னு இட்டுக்கினு போயிட்டு, ஊட்டை இட்ச்சிருவானுங்கன்னு தெருவே பேசிக்கிது. அதான் தொட்ச்சிட்டு ஒளிச்சி வெச்சிகீறாங்க. ரேசன்ல வாங்குன மண்ணெண்ணெ பூரா ஒன் பெயிண்டுக்கே செலவு நைனா. இந்த வாரம் பாதி ஊட்ல அடுப்பு எரில."

நெருக்கடியில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று உங்களுக்குப் பயிற்சி வகுப்பில் சொல்லியிருப்பார்கள். நான் நடந்துகொண்டதைச் சொல்கிறேன். முதலில், "எனக்கு செகண்ட் ஷிப்ட்டுக்கு நேரமாச்சு" என்றேன். எனக்கு அன்று செகண்ட் ஷிப்ட்டே கிடையாது, லீவு. அப்புறம் மேசைமேல் கரைத்து வைத்திருந்த உப்பு சர்க்கரைத் தண்ணீரை எடுத்து மடமடவென்று குடித்துவிட்டேன். நோயாளிக்கு வைத்திருந்தது. இரண்டு டம்ளர்.

"முடிச்சாச்சா?" என்று கேட்டார் சிஸ்டர். பிறகு நூர்ஜகானிடம் குரலைத் தாழ்த்தி, "அந்தப் பூனைக்கு என்ன வயசு?"

நூர்ஜகானும் முதல்முறையாகக் குரலைத் தாழ்த்தினாள். "மூணு. காத்தாலேர்ந்து ஒண்ணுக்குப் போவல. பின்னாடி சந்து வழியா தண்ணி குடுத்துகினுதான் கீறேன். இப்ப முழுங்க மாட்டேங்குது."

ஸ்டெல்லா ஊருக்குப் போகவில்லை. ஒரு நாள் முழுக்க அந்தப் பூட்டிய வீட்டுக்குள், அம்மாவோடு, இருட்டில் கிடந்தாள். வெளியே பூட்டுப் போட்டது நூர்ஜகான். சாவி அவள் இடுப்பில்.

நாங்கள் ஓடினோம். சகாயமேரி வீட்டு வாசலில் போய் நின்றதும் ஏகாம்பரம் ஒரு கல்லை எடுத்தான். "ஒரே தட்டு மாமே, பூட்டு தெறிச்சிரும்."

"கல்லைக் கீழ போடுங்க" என்றார் சிஸ்டர். "இந்தக் கதவை உடைச்சா இந்த ஒரு குழந்தை கிடைக்கும். மத்த பன்னெண்டு வீடும் அப்புறம் யாருக்கும் திறக்காது."

எனக்கு அந்த நேரத்தில் கல்தான் சரியென்று பட்டது. உங்களுக்கும் படும். உள்ளே ஒரு குழந்தை செத்துக்கொண்டிருக்கும்போது வெளியே நின்று யோசிப்பவரைப் பார்த்தால் கோபம் வரும். ஆனால் உடைப்பதற்கென்று வந்தவன் என்று என்னை ஏற்கெனவே தெரு நினைத்துக்கொண்டிருந்தது. நான் கல்லை எடுத்திருந்தால் அது உண்மையாகியிருக்கும்.

நூர்ஜகான் சாவியைப் பிடித்தபடி சொன்னாள்: "சாவி நான் தரேன். மேரி உள்ளேர்ந்து தாப்பா போட்டுகினு கீது, அது தொறக்கணுமே. மிச்ச ஆறு நம்பரையும் இவன் தொடைக்கட்டும். அது காதுல வுழறா மாதிரி தொடைக்கட்டும்."

துடைக்க மண்ணெண்ணெய் வேண்டும். யாரிடம் கேட்பது? கேட்ட முதல் வீட்டில் கதவை முகத்தில் சாத்தினார்கள். ஏகாம்பரம் என் ஸ்கூட்டர் டியூபைப் பிடுங்கி ஒரு சொம்பில் பெட்ரோல் பிடித்தான். நான் சட்டையைக் கழற்றி அதில் நனைத்து, ஒவ்வொரு கதவாகத் தேய்த்தேன். பட்டப்பகலில், பனியனோடு, கையெல்லாம் சிவப்பாக. தெரு முழுக்க வேடிக்கை.

"அண்ணாத்தே, நாளைக்கி வேற கலர்ல வருவியா?" என்று ஒருத்தி.

"எங்க ஊட்டு சன்னலுக்கும் ஒரு கோட்டிங் குடுத்துட்டுப் போ" என்று இன்னொருத்தி.

எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று நானும் இளித்தேன். எனக்கு அது ஒன்றுதான் தெரியும். பயம் வந்தால் இளிப்பேன். ஆறாவது கதவு முடிந்ததும் தெருவில் நின்று கத்தினேன். என்ன கத்துவது என்று யோசிக்கவில்லை. "நான் ஊட்டை எண்ண வந்தவன் இல்ல! பேதி எங்கே கீதுன்னு சிஸ்டருக்குக் காட்டத்தான் போட்டேன்! உங்களை ஒரு வார்த்தை கேக்கல, தப்புதான்! இந்தப் புள்ளைக்கு ஏதாவது ஆச்சுன்னா என்னை இங்கியே அடிங்க! இப்ப கதவைத் தொறக்கச் சொல்லுங்க!"

சிரிப்பு நின்றது. நூர்ஜகான் பூட்டைத் திறந்தாள். கதவில் நெற்றியை வைத்து, "மேரி, நான்தான். அந்தாளு எல்லாத்தையும் தொட்ச்சிட்டான். தொற" என்றாள்.

தாழ்ப்பாள் விலகுகிற சத்தம் வர எவ்வளவு நேரம் ஆனதென்று எனக்குத் தெரியாது.

சிஸ்டர் உள்ளே போய்க் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தார். கண் குழிக்குள் போயிருந்தது. வாய் அழுகிறது, சத்தம் இல்லை, கண்ணீர் இல்லை. வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டார். மடிப்பு அப்படியே நின்றது. "ஆட்டோ" என்றார், அவ்வளவுதான். ஏகாம்பரம் நெடுஞ்சாலைக்கு ஓடினான்.

சகாயமேரி ஆட்டோவில் ஒரு காலை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். முதல்முறையாக என்னிடம் பேசினாள்.

"நான் வரச்சொல்லோ ஊடு இருக்குமா சார்?"

மடியில் குழந்தை அந்த நிலைமையில் இருக்கும்போது ஒரு தாய் கேட்கிற கேள்வியா இது? கேட்க வைத்தவர்கள் யார்? முன்னால் ஒரு டப்பாவோடு போனவன் ஒருத்தன். அவனுக்குப் பின்னால் அதே டப்பாவோடு, சேவை என்று சொல்லிக்கொண்டு போனவன் நான். இதை எழுதும்போதும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

"இருக்கும்மா" என்றேன். நூர்ஜகான் என் பதிலை நம்பாமல் அந்த வீட்டு வாசலில் கூடையை வைத்து உட்கார்ந்துவிட்டாள். புதன்கிழமை வரைக்கும் அங்கேயே பூ கட்டினாள்.

அன்று மதியமே மற்ற பன்னிரண்டு வீடும் ஒவ்வொன்றாகத் திறந்தன. சிலர் உறவுக்காரர் வீட்டிலிருந்து நோயாளிகளைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். இன்னொரு விஷயமும் வெளியே வந்தது: புதிதாக எட்டு வீட்டில் பேதி. லாரித் தண்ணீர் போதாமல் அவர்கள் குழாயிலும் பிடித்துக் குடித்திருந்தார்கள்; அன்று அந்த லாரியும் இல்லை. ஆறு என்று நான் சொன்ன ஊரில் அன்று இருபத்தேழு வீடு.

ஸ்டெல்லாவுக்கு இரண்டு நாள் பாட்டில் ஏற்றினார்கள். புதன்கிழமை சிஸ்டர் வந்து, "பொழைச்சிடுச்சு. நாளைக்கு வீட்டுக்கு அனுப்பறாங்க" என்றார். நான் கையெடுத்துக் கும்பிட்டேன்.

"கும்பிடுறது இருக்கட்டும். வீட்டுக்கு வந்து எந்தத் தண்ணியக் குடிக்கும்?"

நேரே அந்த அலுவலகத்துக்குப் போனேன். நூர்ஜகானும் வந்தாள். ஆய்வாளர் கெட்டவர் இல்லை. நாற்காலி போட்டார். "நீங்கதானே சார் ஆறுன்னு சொன்னீங்க? அது மேலே போயிடுச்சு. குறைஞ்ச எண்ணிக்கை திடீர்னு ஏறினா ஏன் ஏறிச்சுன்னு என்னைக் கேப்பாங்க" என்றார்.

"ஏறல சார், ஒளிஞ்சிருந்தது."

"அதெல்லாம் எழுத முடியாது."

"எங்க தெருவுல வந்து ஒரு டம்ளர் குழாத்தண்ணி குடிச்சிட்டு எழுதேன்" என்றாள் நூர்ஜகான். அவர் காதில் விழாத மாதிரி ஒரு தாளை எடுத்தார்.

"ஒண்ணு பண்ணலாம். நீங்க கொடுத்த கணக்கு தப்புன்னு நீங்களே எழுதிக் கையெழுத்துப் போடுங்க. ஆனா அப்புறம் உங்க சங்கத்தை இந்தப் பக்கம் எந்த வேலைக்கும் சேர்க்க மாட்டாங்க. யோசிச்சுக்குங்க."

எனக்குள்ளே ஒருவன் எழுந்தான். அவனை உங்களுக்கும் தெரியும். 'சங்கத்தின் பெயர் கெடலாமா? வேறு வழியாகப் பேசிப் பார்க்கலாமே? நாளைக்கு வரலாமே?' என்று ரொம்ப நியாயமாகப் பேசினான். பேனாவை இரண்டு தடவை கீழே போட்டேன். இரண்டாவது தடவை நூர்ஜகான் எடுத்துக் கொடுத்துவிட்டு, "எழுது நைனா. ரெண்டு கோடு நேரா போடத் தெரிஞ்ச ஆளுதானே நீ" என்றாள்.

எழுதினேன். என் கணக்கு தவறு, நோய் குறையவில்லை, லாரியை உடனே அனுப்ப வேண்டும். கையெழுத்துப் போட்டேன். ஆய்வாளர் படித்துவிட்டு, தவறுக்குக் காரணம் என்ன என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னார். 'பூட்டியிருந்த வீடுகளை நோயில்லாத வீடுகள் என்று எண்ணிவிட்டேன்' என்று சேர்த்தேன்.

அவர் அந்த வரியை ஒருமுறை வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, கிண்டல் இல்லாமல், ரொம்பச் சாதாரணமாகச் சொன்னார்: "எல்லாரும் அப்படித்தான் சார் எண்ணுறோம்."

எனக்கு அப்போது வந்த கோபம் இன்னும் இறங்கவில்லை. இறக்கிவைக்கவும் உத்தேசமில்லை. நாளைக்கு நீங்கள் ஒரு தெருவுக்குப் போவீர்கள். திறந்திருக்கும் வீட்டில் பேசுவீர்கள், பூட்டியிருக்கும் வீட்டைக் கடந்து போவீர்கள், சாயங்காலம் ஒரு எண்ணிக்கை எழுதுவீர்கள். அது குறைந்திருந்தால் சந்தோஷப்படுவதற்கு முன்னால் பக்கத்து வீட்டுக்காரியிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அவள் திட்டுவாள். நின்று வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆய்வாளர் சொன்னபடியே நம் சங்கத்தை அந்தப் பக்கம் மூன்று வருடம் சேர்க்கவில்லை. அந்தக் காலத்துச் செயலாளர் என்னோடு பேச்சை நிறுத்திக்கொண்டார். குழாயைச் சாக்கடையிலிருந்து தூக்கியது தொண்ணூறுகளில்தான். அதற்கு அலுவலகத்துக்காரர்கள் திறப்பு விழாவும் வைத்தார்கள்.

ஆனால் வியாழக்கிழமை மதியம் லாரி வந்தது. நான் போய்த் தள்ளுமுள்ளைச் சரிசெய்கிறேன் பேர்வழி என்று குழாய் வாயருகே கையை விரித்துக்கொண்டு நின்றேன். அரை மணி முன்னால்தான் ஆட்டோவில் வந்து இறங்கிய சகாயமேரி, இடுப்பில் ஸ்டெல்லா, கையில் குடம். ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். நன்றி என்று சொன்னால் என்ன பதில் சொல்வது என்றுகூட ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன்.

"தள்ளி நில்லு சார்" என்றாள். "கொடத்துல கால் படுது."

தள்ளி நின்றேன்.